ஐப்டேசியாவைத் தின்ன எதை விடுவது?

கேள்வியின் சுருக்கம் இது: 300 லிட்டர் பவளத் தொட்டி, வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு கோமாளி மீன்கள், ஓர் ஆறுகோட்டு ராஸ் மீன், இரண்டு துப்புரவு இறால்கள் இருக்கின்றன. ஸோவாந்தஸ், டார்ச், அகான் வகைப் பவளங்கள் வளர்கின்றன. பாறைகளில் ஐப்டேசியா என்ற தொல்லை பிடித்த கடல் சாமந்தி எண்பதுக்கு மேல் முளைத்துவிட்டது. சுரண்டியும் ஊசி போட்டும் பார்த்தாயிற்று, எண்ணிக்கை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. காப்பர்பேண்ட் என்ற வண்ணத்துப்பூச்சி மீன் வாங்கிவிட்டால் தீர்ந்துவிடும் என்கிறார் கடைக்காரர். அந்த மீனா, பெப்பர்மின்ட் இறாலா, பெர்கியா நத்தையா? எதை விடுவது?

கடைக்காரர் சொன்ன மீனை மட்டும் இப்போதைக்கு வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஐப்டேசியாவை எது தின்னும் என்று கேட்டால் நான்கைந்து பெயர்கள் உடனே கிடைத்துவிடும். தின்று முடித்த மறுநாள் அந்த உயிர் உங்கள் தொட்டியில் எதைத் தின்று வாழும் என்று யாரும் கேட்பதில்லை. இருபது ஆண்டுகளாகத் தொட்டி வைத்திருக்கிறேன். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் நான் இழந்தவை கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் எதிரி யார் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐப்டேசியா கண்ணாடி போல மெலிந்த, பழுப்பு நிறக் கடல் சாமந்தி. நீண்ட தண்டும், நுனியில் ஊசிபோல் கூர்ந்து முடியும் உணர்கொம்புகளும் இருக்கும். விரலை அருகில் கொண்டுபோனால் கண் இமைக்கும் நேரத்தில் பாறைப் பொந்துக்குள் சுருங்கிவிடும். கட்டையாகவும் குட்டையாகவும், கொம்பு நுனிகள் மொக்குப் போல் உருண்டு, பச்சையோ இளஞ்சிவப்போ காட்டினால் அது மஜானோ, வேறு இனம். கீழே நான் சொல்பவற்றில் பாதி மஜானோவுக்குச் செல்லாது. பெர்கியா நத்தை அதை ஏறிட்டும் பார்க்காது. இறாலும் பெரும்பாலும் தொடாது. கிளாத்தியும் சில வண்ணத்துப்பூச்சி மீன்களும் தின்னக்கூடும், அதுவும் அந்தந்த மீனின் மனநிலையைப் பொறுத்தது. மஜானோ பத்துப் பதினைந்துக்குள் இருந்தால் பாறையோடு சேர்த்து உளியால் பெயர்த்து எடுப்பதுதான் என் வழக்கம்.

சுரண்டினால் ஏன் பெருகுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐப்டேசியாவின் அடித்தட்டிலிருந்து பிய்ந்து ஒட்டிக்கொள்ளும் மிகச்சிறிய துணுக்கே ஒரு முழுச் சாமந்தியாக வளர்ந்துவிடும். நாம் சுரண்டாவிட்டாலும் அது நகரும்போது தானாகவே இப்படித் துணுக்குகளை விட்டுச் செல்கிறது. உடலுக்குள் ஒற்றைச் செல் பாசியை வளர்த்து வெளிச்சத்தில் உணவு பெறுகிறது. தொட்டிக்குக் கீழே வடிகட்டி வைக்கும் சம்ப் பெட்டியின் வெளிச்சமே இல்லாத மூலையிலும், பாசியை இழந்து வெளுத்துப்போய், மிதந்து வரும் மிச்ச உணவைப் பிடித்துத் தின்று வாழ்ந்துவிடுகிறது. சாகத் தெரியாத இந்தக் குணத்துக்காகவே பவளங்கள் வெளுப்பதை ஆராயும் ஆய்வுக்கூடங்களில் இதை மாதிரி உயிரியாக வளர்க்கிறார்கள். 2015இல் இதன் மரபணுத் தொகுதியையே படித்து வெளியிட்டார்கள். நாம் ஒழிக்கத் துடிப்பதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துச் சோறு போட்டு வளர்க்க ஆட்கள் இருக்கிறார்கள்.

என் வீட்டுக்கு இது வந்தது ஒரு ஸோவாந்தஸ் துண்டின் அடிக்கட்டையில். பழுப்பு நூல் துணுக்குப் போல ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அழகாக இருக்கிறதே என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்றே மாதத்தில் நாற்பது ஆனது.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பெப்பர்மின்ட் இறால்தான் விலை குறைவு, எளிதில் கிடைப்பது. அதனாலேயே அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். லிஸ்மாட்டா வுர்டெமன்னி என்ற ஒரே பெயரில் விற்கப்பட்ட மேற்கு அட்லாண்டிக் இறால்கள் உண்மையில் பல இனங்கள் என்று 2006இல் பிரித்துக் காட்டினார்கள். புளோரிடா கரையிலிருந்து வரும் லிஸ்மாட்டா போகெஸி அப்போதுதான் தனிப்பெயர் பெற்றது. இந்த அட்லாண்டிக் இறால்கள் ஐப்டேசியாவைத் தின்பது கடைக்காரர்கள் கட்டிய கதையல்ல, ஆய்வுத் தொட்டிகளிலும் பார்த்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், இங்கே சிங்கப்பூரில் 'பெப்பர்மின்ட்' என்று எழுதி ஒட்டிய தொட்டிக்குள் எது இருக்கும் என்று சொல்ல முடியாது. பசிபிக் கடலின் வேறு லிஸ்மாட்டா இருக்கலாம். அதைவிட மோசமாக, ஒட்டக இறால் இருக்கலாம்.

நான்கு 'பெப்பர்மின்ட்' வாங்கி வந்து நான் விட்டவை ஒட்டக இறால்கள். முதல் இரண்டு நாள் ஒன்றையும் காணவில்லை. மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குக் கைவிளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிப் பார்த்தேன். நான்கும் ஸோவாந்தஸ் திட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்து, கடலை கொறிப்பது போல ஒவ்வொரு மொட்டாகக் கிள்ளி வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு சாண் தள்ளி ஐப்டேசியா ஒய்யாரமாக ஆடிக்கொண்டிருந்தது. அன்று கற்ற அடையாளங்களைச் சொல்கிறேன். உண்மையான பெப்பர்மின்ட் உடலில் கண்ணாடித்தன்மை தெரியும், அதன் மேல் மெல்லிய சிவப்புக் கோடுகள் ஓடும், வெள்ளைப் புள்ளி கிடையாது. ஒட்டக இறாலின் முதுகு கூனியிருக்கும், சிவப்புக் கோடுகளுக்கு இடையே வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் பளிச்சென்று தெரியும், கண்கள் பெரியவை. தலைமுன் நீட்டிய கூர்முள் கீல் வைத்த கதவுபோல் மேலும் கீழும் மடங்கும். கடைத் தொட்டியில் ஐந்து நிமிடம் குனிந்து பார்த்தால் போதும்.

சரியான இறாலே கிடைத்தாலும் அது சோம்பேறி. சிறிய ஐப்டேசியாக்களைத்தான் முதலில் தின்னும், விரல் நீளம் வளர்ந்தவற்றைத் தொடத் தயங்கும். மீனுக்குப் போடும் தீனி எட்டினால் சாமந்திப் பக்கமே போகாது. பவளத்துக்கு ஊட்டிய உணவை அதன் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு ஓடும். எண்பதும் தீர்ந்த பிறகு பெரும்பாலும் மீன் தீனியில் காலம் தள்ளிவிடும் என்பது அதன் நல்ல பக்கம். எப்போதாவது ஒரு தனி இறால் அகான் சதையைச் சுவை பார்க்கும். அப்படி ஒன்று கிளம்பினால் அதைப் பிடிப்பது பெரும்பாடு.

பெர்கியா வேறு சாதி. இது ஓடில்லாத கடல் நத்தை. வளர்ந்தால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இருக்கும். முதுகெல்லாம் விரல்கள் முளைத்தது போன்ற மென்நீட்சிகள். முன்பு பெர்கியா வெருக்கிகார்னிஸ் என்ற பெயரில் குழப்பிக்கொண்டார்கள். 2005இல் புளோரிடா இனத்தைத் தனியாக அடையாளம் கண்ட பிறகு இப்போது பெர்கியா ஸ்டெஃபனியே என்கிறோம். ஐப்டேசியாவைத் தவிர உங்கள் தொட்டியில் வேறு எதையும் தின்னாது. பவளத்தின் மேல் ஏறி நடந்து போனாலும் கடிக்காது. நான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இதன் பதில் ஒரே சொல்: பட்டினி. தின்று முடித்த சில வாரங்களில் செத்துப்போகும், அல்லது அதற்கு முன் பிடித்து அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். தொட்டிக்கு இதைவிடப் பத்திரமான விருந்தாளி கிடையாது, நத்தைக்கு இதைவிடக் கொடிய விருந்தும் கிடையாது.

வேட்டையைப் பார்க்க வேண்டுமானால் விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் போங்கள். நத்தை பாறை இடுக்கிலிருந்து தலையை இடமும் வலமும் அசைத்து, வாசனை பிடிப்பது போல் ஊர்ந்து வரும். தலைக்கொம்பு சாமந்தியின் கொம்பில் பட்டதும் சட்டென்று பின்வாங்கி, முதுகு நீட்சிகளை முள்ளம்பன்றி போல் முன்னோக்கிச் சிலிர்க்கும். மறுபடி வரும். மறுபடி பின்வாங்கும். மூன்றாவது, நான்காவது முறை தண்டில் வாயை வைத்துவிடும். ஐப்டேசியா தன் கடைசி ஆயுதமாக உடலிலிருந்து சேமியா போன்ற வெள்ளை இழைகளை வெளியே தள்ளும். அவை முழுக்கக் கொட்டும் செல்கள். நமக்கு அது ஆயுதம், பெர்கியாவுக்கு அது இரண்டாவது பந்தி. அந்த இழைகளையும் உறிஞ்சித் தின்றுவிட்டு, வெடிக்காத கொட்டும் செல்களைத் தன் முதுகு நீட்சிகளின் நுனிகளில் சேமித்து, தன்னைத் தொட வருபவர்களுக்கு எதிராகப் பயன்படுத்துகிறது. திருடிய துப்பாக்கியோடு திரிகிற பிராணி.

ஒன்றிரண்டு வாங்கிவிட்டுப் பலனில்லை என்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இவை கூட்டமாக வேட்டையாடுபவை. சிறிய நத்தையைப் பெரிய ஐப்டேசியா காயப்படுத்திவிடும். உங்கள் தொட்டிக்குக் குறைந்தது பத்து வேண்டும். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எந்த இரண்டு சந்தித்தாலும் முட்டை உண்டு. பாறையிலோ கண்ணாடியிலோ நகத்தளவு வெள்ளை ஜாங்கிரி போன்ற சுருளைக் கண்டால் மகிழுங்கள், துடைத்துவிடாதீர்கள். பதினொன்று, பன்னிரண்டு நாளில் பொரிக்கும். வெளிவரும் குஞ்சுகளுக்குத் தனித் தீனி தேவையில்லை, சில நாளில் தரையிறங்கி ஐப்டேசியாவைத் தேடத் தொடங்கிவிடும். உண்மையில் தொட்டியைச் சுத்தம் செய்வது நீங்கள் வாங்கிய பத்து அல்ல, அவற்றின் பிள்ளைகள். அதனால்தான் முதல் ஒரு மாதம் எதுவுமே நடக்காதது போலத் தெரியும். இரண்டாவது மாதம் நடுவில் ஒருநாள் பாறையின் ஒரு பக்கம் மட்டும் வெறிச்சோடியிருப்பதைக் கவனிப்பீர்கள்.

ஆனால் உங்கள் ராஸ்? ஆறுகோட்டு ராஸுக்கு வேலையே பாறை இடுக்கில் ஊர்வதைப் பொறுக்கித் தின்பதுதான். பத்து நத்தையை விட்டால் பத்தும் அதற்கு ஒருவாரச் சிற்றுண்டி. பெப்பர்மின்ட் இறாலும் பெர்கியாவைத் தின்னும். ஆகவே இறாலையும் நத்தையையும் சேர்த்து விட்டால் வேகம் இரட்டிப்பாகும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் துப்புரவு இறால்களையும் நான் முழுதாக நம்பமாட்டேன். தட்டைப்புழு மருந்தோ செம்பு கலந்த மருந்தோ அண்மையில் ஊற்றியிருந்தால் நத்தை பற்றிய பேச்சையே ஒத்திவையுங்கள்.

மூன்றாவது, கிளாத்தி. நம் கரையில் கருவாடு போடும் கிளாத்தியின் குட்டி உறவுக்காரன். ஆக்ரீக்திஸ் டோமெண்டோசஸ் என்பது அறிவியல் பெயர், கடைகளில் 'ஐப்டேசியா ஈட்டிங் ஃபைல்ஃபிஷ்' என்றே விற்பார்கள். கடற்புல் வெளிகளில் வாழ்கிற மீன். பச்சையிலிருந்து பழுப்புக்கும் புள்ளிக்கும் நினைத்தபடி நிறம் மாறும். இரவில் தூங்கும்போது ஒரு கிளையையோ குழாயையோ வாயால் கடித்துப் பிடித்துக்கொண்டு கொடிபோல் தொங்கும். இதைப் பார்ப்பதற்காகவே ஒன்று வைத்திருக்கலாம் என்று தோன்றும். ஐப்டேசியாவைச் சுத்தமாகத் தின்னும், பெரியதையும் விடாது. ஒரு நண்பரின் தொட்டியில் பத்து நாளில் ஒன்றுகூட மிச்சமில்லை. பதினோராம் நாள் அகானில் தொடங்கியது. எல்லாக் கிளாத்தியும் இப்படியல்ல. தொடக்கம் முதலே உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்த் தீனி) தின்னப் பழக்கியவை, குறிப்பாகப் பண்ணையில் பிறந்தவை, பவளத்தை விட்டுவைக்கும் வாய்ப்பு அதிகம். என்றாலும் ஸோவாந்தஸும் அகானும் வைத்திருப்பவருக்கு இது சூதாட்டம். மென்மையான தோல்பவளங்கள் மட்டும் உள்ள தொட்டி என்றால் நான் முதலில் சொல்வதே இந்த மீனைத்தான்.

இப்போது காப்பர்பேண்ட். பிடிவாதமாக வேண்டாம் என்கிறேனே தவிர அந்த மீன் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் ஊர்க் கடலிலேயே இருக்கிறது. புலாவ் ஹந்து தீவில் முக்குளிக்கப் போனால் ஜோடி ஜோடியாகப் பாறை இடுக்குகளில் அந்த நீண்ட மூக்கை நுழைத்துப் புழுப் பொறுக்குவதைப் பார்க்கலாம். ஒரே பாறையை அரை மணி நேரம் விடாமல் சுற்றிவரும். அந்த வாழ்க்கைக்குப் பழகிய மீன் 300 லிட்டர் பெட்டிக்குள் வந்ததும் உணவை நிராகரிக்கிறது. இருபது சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது, 500 லிட்டருக்குக் குறைந்த இடத்தில் நான் வைக்கமாட்டேன். கடையில் உறைந்த தீனியைத் தின்று காட்டாத காப்பர்பேண்டை வாங்குவது, சில வாரங்களில் மெலிந்து சாகப்போகும் ஒன்றுக்குப் பணம் கொடுப்பதற்குச் சமம். திறந்த மட்டியை ஓட்டோடு தொங்கவிட்டுச் சிலர் பழக்கிவிடுகிறார்கள், அது பொறுமைசாலிகளின் வேலை. இவ்வளவுக்குப் பிறகும் அது ஐப்டேசியாவைத் தின்னும் என்று உறுதியில்லை. சில தின்னும், சில குழாய்ப்புழுக்களை மட்டும் தின்றுவிட்டு ஐப்டேசியாவின் பக்கத்தில் நின்று உங்களைப் பார்க்கும். ரக்கூன், கிளைன் வகை வண்ணத்துப்பூச்சி மீன்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம், உங்கள் பவளங்கள் அவற்றுக்குச் சாப்பாட்டுத் தட்டு.

ஆக உங்கள் தொட்டிக்கு நான் சொல்வது பெர்கியா. ராஸை வெளியேற்ற மனமிருந்தால் நேராக விடலாம். மனமில்லை என்றால் இன்னொரு வழி உண்டு, அதைத்தான் நான் அதிகம் பரிந்துரைக்கிறேன்: நத்தையைப் பாறையிடம் கொண்டுபோகாமல் பாறையை நத்தையிடம் கொண்டுபோங்கள். எண்பது ஐப்டேசியா என்றால் பெரும்பாலும் மூன்று, நான்கு பாறைகளில்தான் குவிந்திருக்கும். அவற்றில் பவளம் ஒட்டாத பாறைகளை எடுத்து, தொட்டி நீரையே நிரப்பிய நாற்பது லிட்டர் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். ஒரு சிறிய பம்ப், மிதமான வெளிச்சம், வாரம் ஒருமுறை நீர் மாற்றம் போதும். ஆவியாகும் நீரை நாள்தோறும் நன்னீரால் ஈடுகட்ட மறந்துவிடாதீர்கள், சிறிய பெட்டியில் உப்படர்த்தி சீக்கிரம் ஏறும். பம்பின் வாயில் வடிகட்டிப் பஞ்சு கட்டுங்கள், இல்லையென்றால் நத்தைகள் அரைபட்டுப்போகும். அந்தப் பெட்டியில் ராஸும் இல்லை, இறாலும் இல்லை. பத்து நத்தை அங்கேயே இருபது, முப்பது ஆகும். முதல் தொகுதிப் பாறைகள் சுத்தமானதும் அடுத்த தொகுதியை மாற்றுங்கள்.

பவளம் ஒட்டிய பாறைகளில் இருக்கும் மிச்சத்தைச் சுண்ணாம்பால் பார்த்துக்கொள்ளலாம். கால்க்வாசர் என்று விலை வைத்து விற்பது கால்சியம் ஹைட்ராக்சைடு, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அதே வேதிப்பொருள்தான். ஆனால் கடைச் சுண்ணாம்பில் வாசனையும் நிறமும் சேர்த்திருப்பார்கள், அதனால் தூய பொடியையே வாங்குங்கள். பம்புகளை நிறுத்தி, தோசைமாவுப் பதத்தில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் சாமந்தியின் வாய்மேல் மெதுவாக வையுங்கள். அது இரை என்று நினைத்து விழுங்க வேண்டும், அதிர்ந்து சுருங்கினால் பாதி பிழைத்துக்கொள்ளும். நீங்கள் ஊசி போட்டுத் தோற்றது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஒரு நாளைக்கு நான்கைந்துக்கு மேல் வேண்டாம், நீரின் காரத்தன்மை தாவிவிடும். நத்தை இருக்கும் பெட்டியில் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம்.

சம்ப், வழிநீர்ப் பெட்டி, குழாய்களின் உட்புறம் ஆகியவற்றையும் ஒரு மாலை செலவிட்டுப் பாருங்கள். எந்த வேட்டை உயிரும் அங்கே எட்டிப் போகாது. பெரிய தொட்டியைத் துடைத்து வைத்துவிட்டு, வடிகட்டிப் பைக்குப் பின்னால் இருந்த ஆறேழு ஐப்டேசியாவால் மறுபடி முதலிலிருந்து தொடங்கியவன் நான். தீனியையும் பாதியாகக் குறையுங்கள். உறைந்த மைசிஸ் கட்டியை அப்படியே போடாமல், வலைக்கரண்டியில் அலசி, மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். கீழே விழுவது முழுக்க ஐப்டேசியாவுக்குத்தான் போகிறது.

நத்தைகள் வந்து சேர்ந்ததும் பையோடு அரைமணி நேரம் மிதக்கவிட்டு, பெட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலந்துகொள்ளுங்கள். மேலிருந்து கொட்டாதீர்கள். வாய் அகன்ற சொட்டுக்குழாயில் ஒவ்வொன்றாக உறிஞ்சி, பம்பை நிறுத்தி, விளக்கணைத்த பிறகு ஐப்டேசியாக் கூட்டத்துக்கு அருகில் பாறை இடுக்கில் விடுங்கள். சாமந்தியின் மேலேயே விட்டுவிடாதீர்கள்.

ராஸை வெளியேற்றுவது என்று முடிவெடுத்தால் வலையோடு துரத்த வேண்டாம், பாறைகள் எல்லாம் சரிந்துவிடும். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாகத் திருப்பிச் செருகி, உள்ளே கொஞ்சம் மைசிஸ் வைத்துப் படுக்கப் போடுங்கள். முதல் நாள் சுற்றிப் பார்க்கும். அன்று வேறு தீனி போடாவிட்டால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ உள்ளே இருக்கும். நத்தைக்குப் பணம் கட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.